அடுக்குமாடி நிர்வாகக் குழுக் கூட்டமும் சட்டமும்



தோட்டத்து லயத்தில் குழாய் உடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? மண்டோரிடம் சொல்லுகிறோம். மண்டோர் கிராணியிடம் சொல்லுகிறார். கிராணி துரையிடம் சொல்லுகிறார். குழாய் இன்று சரியாகிறதோ, அடுத்த வாரம் சரியாகிறதோ, அஃது அந்தந்தத் தோட்டத்தைப் பொறுத்தது. ஆனால் சரி செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளியே அதைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் கூறுகிறது. நாம் குறை சொல்லலாம், தொழிற்சங்கத்தின் வழியாகக் கேட்கலாம், கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். பணம் கட்ட வேண்டியவர் நாமல்லர்.

அதே குடும்பம் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துப் பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. ஐந்தாவது மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஓடிப்போய்ச் சொல்லத் துரை இல்லை. மின்தூக்கி நின்றுவிட்டால் அதற்குப் பணம் கொடுக்கக் கம்பெனி இல்லை. அங்கே துரையும் நாமே, தொழிலாளியும் நாமே. நம்மைப் போன்று வீடு வாங்கிய இருநூறு, முந்நூறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க, அந்தக் குழு கூடிப் பேசி முடிவெடுத்தால்தான் குழாயும் சரியாகும், மின்தூக்கியும் ஓடும்.

அந்தக் குழு எப்படிக் கூட வேண்டும், எத்தனை பேர் இருந்தால் அதன் முடிவு செல்லும், வீட்டுக்காரருக்கு என்ன உரிமை என்பவற்றையெல்லாம் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தோட்டத்தில் இருக்கும் எங்களுக்கு இஃது எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெற்றோர் தோட்டத்திலும் பிள்ளைகள் அடுக்குமாடியிலும் வாழும் குடும்பங்கள் இன்று எத்தனையோ! பணி ஓய்வு பெற்றதும் குடியேறலாம் என்று இப்போதே வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருப்போரும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறியபோது, இழந்த லயத்துக்கு ஈடாக அடுக்குமாடி வீடு பெற்றவர்களும் உண்டு. கடன் முடிந்து வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தாலும், கூட்டத்துக்கான கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும். கடிதம் வரும், அதன் பொருள் விளங்காது. நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருப்பதால், பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்பப்படும் அப்படிப்பட்ட கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையும் எனக்கு அவ்வப்போது வந்து சேருகிறது.

முதலில் சட்டத்தின் பெயரைத் தெரிந்துகொள்வோம். அது 2013-ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம். சட்ட எண் 757. ஸ்திராத்தா என்றால் அடுக்கு என்று பொருள். ஒரே நிலத்தின்மீது அடுக்கடுக்காகக் கட்டப்பட்டுத் தனித்தனியே விற்கப்படும் வீடுகளுக்கான சட்டம் இது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடப்புக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. அதற்கு முன்பு 2007-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் இந்த வேலையைச் செய்து வந்தது. புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். அரசாங்கத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ மாத வாடகை செலுத்தி அடுக்குமாடியில் குடியிருப்போர் அந்த வீட்டுக்கு உரிமையாளர் அல்லர். அவர்களுக்கு வீடு கொடுத்த நிருவாகமே பொறுப்பு. நான் சொல்லப் போவது வீட்டை விலைக்கு வாங்கியவர்களைப் பற்றி.

வீடு வாங்கியவர்கள் சேர்ந்த அமைப்புக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ஸ்திராத்தா பட்டா வெளிவருவதற்கு முன்பு இருப்பது கூட்டு நிர்வாக அமைப்பு. மக்கள் வழக்கில் அது ஜே.எம்.பி. வீட்டுச் சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மேம்பாட்டாளரே இதற்கான முதல் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். பட்டாக்கள் வந்த பிறகு நிர்வாகக் கழகம் உருவாகிறது. அதை எம்.சி. என்கிறார்கள். பெயர் எதுவானாலும், குழு கூடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அது விவரமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் அனைவரும் சேர்ந்ததுதான் அமைப்பு. அவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தங்களுக்குள்ளிருந்து ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைந்தது மூவர், மிகுந்தால் பதினால்வர். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்கள் உண்டு. தொழிற்சங்கக் கிளையிலும் கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் நாம் பார்த்துப் பழகிய முறைதான். கூட்டுறவு என்றாலும் நம் மக்களுக்குப் புதிதன்று. 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து உருவாக்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். பங்குதாரர் என்றால் என்ன, கணக்குக் கேட்பது என்றால் என்ன என்பதைக் கையெழுத்துப் போடத் தெரியாத நிலையிலும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒருவரே ஆண்டாண்டுக் காலம் நாற்காலியில் அமர்ந்திருக்க இந்தச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளைத் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் வகிக்க முடியாது. குழு உறுப்பினராக இருப்பதற்கும் தொடர்ந்து மூன்று தவணைதான் எல்லை. நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். நம் கோயில்களிலும் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் பல சண்டைகள் வந்திருக்கமாட்டா என்று சொல்லத் தோன்றுகிறது. அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்.

இனிக் குழுவின் கூட்டத்துக்கு வருவோம். நினைத்த நேரத்தில் நினைத்தவர்கள் சந்தித்துப் பேசினால் அது கூட்டமாகிவிடுமா? ஆகாது. குழு தன் அலுவல்களைக் கவனிக்கத் தேவையான போதெல்லாம் கூடலாம். தலைவர்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை. குழுவில் உள்ள எந்த உறுப்பினரும், இன்ன காரணத்துக்காகக் கூட வேண்டும் என்று குறிப்பிட்டு, மற்ற உறுப்பினர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் குழு கூடியே ஆக வேண்டும். இது சிறிய விதிபோலத் தோன்றும். ஆனால் தலைவர் தட்டிக் கழித்துக்கொண்டே போகும் இடங்களில் இதுதான் சாவி. குழுவில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் இருந்தால் போதும். மின்தூக்கி நின்று மூன்று வாரமாகிறது, அதைப் பற்றிப் பேசக் கூட்டம் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது குறைவெண். கோரம் என்று மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொள்கிறோம். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது. குழுவில் நான்கு பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் இருவர் வந்திருக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு பேர் என்றால் மூவர். ஏழு அல்லது எட்டு என்றால் நால்வர். ஒன்பது, பத்துப் பேருக்கு ஐவர். பதினொன்று, பன்னிரண்டு பேருக்கு அறுவர். பதின்மூன்று, பதினான்கு பேர் கொண்ட பெரிய குழுவுக்கு எழுவர். சுருக்கமாகச் சொன்னால் பாதிக்குக் குறையக் கூடாது.

ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவர்களில் நான்கு பேர் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டே, துப்புரவுக் குத்தகையை இன்னாருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த நால்வரும் தலைவர், செயலாளர், பொருளாளர் உட்பட முக்கியமானவர்களாகவே இருக்கட்டும். அது குழுவின் முடிவாகாது. ஐந்து பேர் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பதவியின் கனத்தைச் சட்டம் நிறுத்துப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது.

கூடிய பிறகு முடிவெடுப்பது சாதாரணப் பெரும்பான்மையால். இங்கேதான் நேயர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முந்நூறு வீடுகள் உள்ள கட்டடம். பதினான்கு பேர் குழு. கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தால் போதும். அந்த ஏழு பேரில் நால்வர் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். முந்நூறு குடும்பங்களின் காசை எப்படிச் செலவிடுவது என்பதை நான்கு கைகள் முடிவு செய்கின்றன. அஃது உரிய அறிவிப்போடும் குறைவெண்ணோடும் நடந்திருந்தால் சட்டப்படி சரியே. ஆகவே அந்தப் பதினால்வர் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வி மிகவும் முக்கியமாகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

குழு கூடினால் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். கூட்டக் குறிப்பு, மலாயில் மினித் மெஷுவாராத். யார் வந்தார்கள், எதைப் பேசினார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்பது அதில் இருக்கும். குழுக் கூட்டம் என்பது பொதுக்கூட்டம் அன்று. அங்கே வாக்களிக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே உண்டு. ஆனால் பதிவேடுகளையும் கணக்கு ஏடுகளையும் பார்வையிட வீட்டு உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் செக்ரோலைக் காட்டுங்கள் என்று கிராணியிடம் கேட்கத் தயங்கிய நாம், இங்கே தயங்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது மகளோடு எட்டாவது மாடியில் குடியிருக்கிறார். அங்கே மின்தூக்கி நின்று பல வாரங்களாகியும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் வலியோடு மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போக அவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இறங்கினால் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். அலுவலகத்தில் கேட்டால், குழு இன்னும் முடிவு செய்யவில்லை என்று ஒரே பதில். வீடு மகளின் பெயரில் இருந்தது. கூட்டக் குறிப்பைப் பார்க்க வேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்தார். முதலில் இழுத்தடித்தார்கள், இரண்டாம் முறை எழுதியதும் காட்டினார்கள். பார்த்தால், அடுத்தடுத்து இரண்டு கூட்டங்கள் குறைவெண் இல்லாமல் கலைந்திருந்தன! மின்தூக்கிக்குப் பணம் இல்லை என்பதன்று. முடிவு செய்ய ஆள் வரவில்லை என்பதே காரணம். வராத உறுப்பினர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, அண்ணே, இந்த வாரம் வந்துவிடுங்கள் என்று அந்த அம்மையாரே சொல்லி வைத்தார். கூட்டம் நடந்தது. பழுது பார்ப்பதற்கான விலைப்பட்டியலும் அன்றே ஏற்கப்பட்டது. காரணம் தெரிந்த பிறகுதான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அவருக்குத் தெரிந்தது.

குழுவுக்கு எல்லாவற்றையும் செய்யும் அதிகாரம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பொதுக்கூட்டமே முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் மாலையில் அறிவிப்புப் பலகையில், அடுத்த மாதம் முதல் கட்டணம் இருபது வெள்ளி கூடுகிறது, குழுவின் முடிவு என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தால், எந்தப் பொதுக்கூட்டத்தில் இது தீர்மானிக்கப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதேபோலக் கட்டடத்துக்குக் கூடுதல் விதிகளைச் சேர்ப்பதற்கு, பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பும், செல்லத்தக்க வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் தேவை. பொதுக்கூட்டம் போட்ட கட்டுப்பாட்டை மீறிக் குழு நடந்துகொள்ள முடியாது.

கட்டணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு அலகு என்று ஓர் எண் உண்டு. வீட்டின் பரப்பளவு முதலியவற்றை வைத்து அது கணக்கிடப்படுகிறது. அலகுக்கு ஏற்பவே கட்டணம். அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து ஒதுக்கு நிதிக்குச் செல்லும். மலாயில் கும்புலான் வாங் பெஞ்செலாஸ் என்பார்கள். மாதம் ஐம்பது வெள்ளி கட்டணம் என்றால் ஒதுக்கு நிதிக்கு ஐந்து வெள்ளி. கூரை மாற்றுவது, சாயம் பூசுவது, மின்தூக்கியைப் புதுப்பிப்பது போன்ற பெரிய செலவுகளுக்கான பணம் அது. நம் தாய்மார்கள் அரிசிப் பானையில் போட்டு வைக்கும் காசைப் போன்றது. அன்றாடச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது.

இனி ஆண்டுப் பொதுக்கூட்டம். மெஷுவாராத் அகோங் தாஹுனான் என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் அதைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடாதீர்கள். கூட்ட நாளுக்குக் குறைந்தது பதினான்கு நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதினான்கு நாட்களில் நாம் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதல் வேலை பாக்கியைத் தீர்ப்பது. கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முந்திய நிலையில் கட்டணத்தில் எந்தப் பகுதியாவது பாக்கி இருந்தால் வாக்களிக்கும் உரிமை இல்லை. கூட்டத்தன்று காலையில் பணத்தோடு போய் நின்றால் பயனில்லை. மூன்று மாதம் பாக்கி வைத்திருந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்கைக் கேட்டால், அவருடைய கேள்வி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கை தூக்கும் நேரத்தில் அவர் பார்வையாளர்தான்.

இரண்டாவது, வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது. நம்மில் பலர் கணவன் மனைவி இருவர் பெயரிலும், அல்லது தந்தை மகன் இருவர் பெயரிலும் வீடு வாங்கியிருப்போம். இருவரில் ஒருவர் மட்டும் போய்க் கை தூக்கிவிட முடியாது. கூட்டு உரிமையாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு பதிலாளை நியமிக்க வேண்டும். கணவரே மனைவிக்கும் சேர்த்துப் பதிலாளாக இருக்கலாம். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாததால், சொந்த வீட்டுக் கூட்டத்தில் வாக்கில்லாமல் திரும்பி வருபவர்கள் உண்டு.

மூன்றாவது, போக முடியாதவர்கள் பதிலாளை அனுப்புவது. புரோக்சி என்பது இதுதான். தோட்டத்தில் வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்றால், பட்டணத்தில் இருக்கும் மகனையோ தம்பியையோ அனுப்பலாம். நியமனத் தாளைக் கூட்டம் தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட வேண்டும். ஒருவர் ஒரே ஓர் உரிமையாளருக்குத்தான் பதிலாளாக இருக்க முடியும். யாராவது வந்து, அக்கா, இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருபது வீடுகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், அவர் ஒருவரே அந்த இருபது வாக்குகளையும் போட முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். படிக்காத தாளில் கையெழுத்திடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பொதுக்கூட்டத்துக்கும் குறைவெண் உண்டு. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேர், நேரிலோ பதிலாள் மூலமோ வந்திருக்க வேண்டும். வாக்குரிமை உள்ள வீடுகள் இருநூறு என்றால் நூறு. நூறு பேர் வராவிட்டால் கூட்டம் நடக்காது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் பாதிப்பேர் சேரவில்லை என்றால், வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களே குறைவெண் ஆகிவிடுவார்கள். பதினெட்டுப் பேர் இருந்தாலும் சரி. அந்தப் பதினெட்டுப் பேர் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம், கட்டணத்தைத் தீர்மானிக்கலாம், தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பரிசீலிக்கலாம். வராத நூற்று எண்பத்திரண்டு வீடுகளையும் அந்தக் கட்டணத் தீர்மானம் கட்டுப்படுத்தும். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் சம்பள ஒப்பந்தம் வந்து சேர்ந்துவிடும் என்று இருந்து பழகியவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இங்கே வந்து சேருவது சம்பளமன்று, பில்.

கூட்டத்தில் சாதாரணமாகக் கை தூக்கி வாக்களிப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. வாக்கெடுப்பு வேண்டும் என்று கோரினால், பங்கு அலகின்படி எண்ணுவார்கள். அப்போது பெரிய வீட்டுக்கும் கடைக்கும் கனம் கூடும்.

குழு சரியில்லை, ஆண்டுக் கூட்டம் வரும்வரை பொறுக்க முடியாது என்றால் என்ன செய்வது? மொத்தப் பங்கு அலகில் நான்கில் ஒரு பங்கு உடைய உரிமையாளர்கள் சேர்ந்து எழுத்து மூலம் கோரினால் அசாதாரணப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். வீடுகள் எல்லாம் ஒரே அளவாக உள்ள இருநூறு வீட்டுக் கட்டடத்தில் ஐம்பது வீடுகளின் கையெழுத்து. ஐம்பது என்பது மலையன்று. ஒரு மாடிக்கு இருவர் மூவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிகிற காரியம்.

அதற்கும் மேலே இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கட்டட ஆணையர். மலாயில் பெசுருஹ்ஜாயா பங்குனான், சி.ஓ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். உங்கள் ஊராட்சி மன்றத்தின் அலுவலகத்தில் அவருடைய பிரிவு இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டமே நடக்கவில்லை, கணக்குக் காட்டவில்லை என்பன போன்ற முறையீடுகளை அங்கே எழுதிக் கொடுக்கலாம். மற்றொன்று, ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் கீழ் 2015-ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. 250,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைகளை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பொதுவாக வைக்கவும் முடியாது. நம் குறையை நாமே சொல்ல வேண்டும். முறைகேடாக நடந்த பொதுக்கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்று அறிவிக்கும்படியும் அங்கே கேட்கலாம். மன்றத்தின் தீர்ப்பைப் பின்பற்றாமல் இருப்பது குற்றம். 250,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அந்த மன்றத்துக்குப் போவது நாம் மட்டுமல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் கட்டாதவர்மீது நிர்வாகமும் அங்கே போகலாம். கட்டண அறிவிப்புக் கிடைத்த பதினான்கு நாளில் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துவரை வட்டி ஏறும். எழுத்து மூலம் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால் கட்டட ஆணையர் வழியாகப் பறிமுதல் ஆணை பெற்று வீட்டுச் சாமான்களை எடுக்க வழியுண்டு. வழக்குத் தொடுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும்கூட உண்டு. மின்தூக்கி ஓடவில்லை, அதனால் நான் பணம் கட்டமாட்டேன் என்று நிற்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தினால் மின்தூக்கிக்கும் பணம் வராது, கூட்டத்தில் வாக்கும் இராது. பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரின் குரலுக்கே சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். வாடகைக்காரர் கட்டிவிடுவார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிர்வாகத்தின் பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது உங்கள் பெயர். கூட்ட அறிவிப்பும் எச்சரிக்கைக் கடிதமும் நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். தோட்டத்து முகவரி மாறியிருந்தால், பிள்ளையின் முகவரியையாவது எழுத்து மூலம் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஓர் ஒப்புதல் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் காலமாகி வீடு பிள்ளைகளுக்கு வந்திருந்தால், பெயர் மாற்றத்தை முடித்துக்கொண்டு அதையும் தெரிவிக்க வேண்டும். இறந்தவர் பெயருக்கே அறிவிப்புகள் போய்க்கொண்டிருந்தால் கூட்டத்தில் அந்த வீட்டுக்கு வாயில்லை.

கடிதம் மலாயில் வருவதால் சில சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜவத்தன்குவாசா பெங்குருசான் என்றால் நிர்வாகக் குழு. சாஜ் பெஞெலெங்காராஅன் என்றால் பராமரிப்புக் கட்டணம். துங்காக்கான் என்றால் பாக்கி. நோத்தீஸ் மெஷுவாராத் என்றால் கூட்ட அறிவிப்பு. உசுல் என்றால் தீர்மானத்துக்கான முன்மொழிவு. இந்த ஐந்து சொற்களும் தெரிந்தால் கடிதத்தின் பாதி விளங்கிவிடும். மீதிக்கு உங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு போங்கள். கூட்டம் முடிந்த மறுநாள் கொண்டு போக வேண்டாம். கடிதம் வந்த அன்றே கொண்டு போங்கள்.